கடலுக்கடியில் ஆங்கில இலக்கணம்: ஸ்கூபா டைவிங் வழியாகச் சொற்களும் காலங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பது என் தொழில். நாற்பது வயதுக்கு மேல், அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டேன், அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவது. 2018இல் அந்தத் தீவுக்கு சுவராஜ் துவீப் என்று பெயர் மாற்றினார்கள், படகுக்காரர்கள் இன்னும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள். திரும்பி வந்ததிலிருந்து வகுப்பில் டைவிங் பேச்சு நுழைந்துவிட்டது. கரும்பலகையில் பத்து முறை எழுதியும் பிடிபடாத சில விஷயங்கள் அந்தக் கதைகளால் பிடிபட்டதையும் பார்த்தேன். மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

டைவிங்குக்கும் டென்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

தண்ணீருக்குள் யாராலும் பேச முடியாது, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர் வாயில் இருக்கும். அதனால் பேச்செல்லாம் தண்ணீருக்கு முன்பும் பின்பும்தான். இறங்குவதற்கு முன் படகில் உட்கார்ந்து என்ன நடக்கப்போகிறது என்று சொல்வார்கள், அது 'பிரீஃபிங்'. ஏறி வந்த பிறகு என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும், அது 'லாக் புக்'. இது இரண்டுக்கும் முன்னால், கரையிலேயே ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். உங்கள் வாழ்க்கையில் இதுவரை என்னென்ன நோய் வந்திருக்கிறது என்று அது கேட்கும்.

நடக்கப்போவது, நடந்தது, இதுவரை நடந்திருப்பது. பள்ளிக்கூடத்தில் 'ஐ வில் கோ, ஐ வென்ட், ஐ ஹாவ் கான்' என்று ஒரே மூச்சில் ஒப்பித்தோமே, அந்த மூன்றும் இங்கே படகுக்கு ஒன்று, நோட்டுக்கு ஒன்று, படிவத்துக்கு ஒன்று என்று தனித்தனி இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. எந்த டென்ஸ் என்று யோசிப்பதற்குப் பதில், இப்போது நான் படகில் இருக்கிறேனா, கரைக்கு வந்துவிட்டேனா என்று யோசித்தால் போதும்.

ஆங்கிலம் அரைகுறைதான். டைவிங் கோர்ஸில் சேரலாமா?

தாராளமாக. புதுச்சேரியிலும் சென்னைப் பக்கத்திலும் தமிழிலேயே சொல்லித்தரும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் சேரும் 'ஓப்பன் வாட்டர்' கோர்ஸுக்குக் குறைந்தபட்ச வயது 10. 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். குளத்தில் பயிற்சி, பிறகு கடலில் 4 டைவ், ஒரு எழுத்துத் தேர்வு. முடித்தால் பெரியவர்கள் 18 மீட்டர் ஆழம் வரை போகலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். பாதுகாப்பு பற்றிய எதையும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். புரியாமலே தலையாட்டும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. என் இலக்கண வகுப்பில் தலையாட்டினால் மார்க்தான் போகும்.

முதலில் எந்தச் சொற்களைக் கற்க வேண்டும்?

உடம்பில் மாட்டுகிற சாமான்களின் பெயர்களை. அவற்றில் பாதியை நாம் தப்பாகவே தெரிந்துவைத்திருக்கிறோம்.

'ஆக்ஸிஜன் சிலிண்டர்' என்று பத்திரிகையிலேயே எழுதுகிறார்கள். சாதாரண டைவிங் சிலிண்டரில் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கிற அதே காற்று, வடிகட்டி அழுத்தி அடைத்தது. அதில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் அதுவே விஷமாகி வலிப்பு வரலாம். ஆகவே 'ஏர் டேங்க்' அல்லது 'சிலிண்டர்'. படகில் போய் 'ஆக்ஸிஜன்' என்று கேட்டால் யாருக்கோ விபத்து என்று நினைத்து முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

'காகிள்ஸ்' வேறு, 'மாஸ்க்' வேறு. நீச்சல் குளத்துக் காகிள்ஸ் கண்ணை மட்டும் மூடும், மூக்கு வெளியே இருக்கும். டைவிங் மாஸ்க்குக்குள் மூக்கும் இருக்கிறது. ஆழம் போகப்போக வெளி அழுத்தம் கூடும், மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விட்டு மாஸ்க்கின் உள்ளழுத்தத்தைச் சரிக்கட்ட வேண்டும். இப்படிச் சமன் செய்வதற்கு 'ஈக்வலைஸ்' என்று பெயர், காதுக்கும் அதே சொல். காகிள்ஸில் அது முடியாது, கண்ணை உறிஞ்சி எடுத்துவிடும். காரணம் தெரிந்துவிட்டால் சொல் மறக்காது என்பதற்கு என் வகுப்பில் நான் வைத்திருக்கும் முதல் சாட்சி இந்த மாஸ்க்.

காலில் போடுவது 'ஃபின்ஸ்'. 'ஃப்ளிப்பர்ஸ்' என்றாலும் புரியும், ஆனால் டைவர்கள் லேசாகச் சிரிப்பார்கள். காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் 'கேஜ்'. எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'காஜ்' என்று படித்துவிடாதீர்கள். கூட்டாளிக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கு ஒரு உபரி ரெகுலேட்டர் தொங்கும், அதன் பெயர் 'ஆக்டோபஸ்'. குழாய்களெல்லாம் சேர்ந்து கைகால் விரித்தமாதிரி இருப்பதால் வந்த பெயர்.

'ஸ்கூபா' என்பதே ஐந்து சொற்களின் முதலெழுத்துகள்: செல்ஃப் கன்டெய்ண்ட் அண்டர்வாட்டர் ப்ரீதிங் அப்பாரட்டஸ். 1952இல் கிறிஸ்டியன் லாம்பர்ட்சன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் வைத்த பெயர். அதற்கு முன்பே, 1943இல், பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் 'அக்வாலங்' என்ற கருவியைச் செய்துவிட்டார்கள். இதில் 'செல்ஃப் கன்டெய்ண்ட்' என்ற பகுதியைக் கவனியுங்கள். பழைய காலத்தில் இரும்புத் தொப்பி போட்ட டைவருக்கு மேலே படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும். இவருக்குத் தேவையானது எல்லாம் இவர் முதுகிலேயே இருக்கிறது. கட்டுச்சோற்றோடு பயணம் போகிறவர் என்று சொல்லலாம்.

தமிழில் 'மூழ்கினேன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஏன் இத்தனை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கப்பல் மூழ்கியது, குழந்தை கிணற்றில் மூழ்கியது, நான் மூழ்கி எழுந்தேன். மூன்றுக்கும் தமிழில் 'மூழ்கு' பொருந்துகிறது, யார் பிழைத்தார் என்பதைச் சூழ்நிலை சொல்லிவிடும். ஆங்கிலம் இங்கே தனித்தனியாகப் பிரிக்கிறது. கப்பல் கனத்தால் கீழே போனால் 'சிங்க்'. மனிதர் மூச்சுத் திணறித் தண்ணீரில் இறந்தால் 'ட்ரவுன்'. வேண்டுமென்றே இறங்கினால் 'டைவ்'. நிதானமாக, கட்டுப்பாட்டோடு கீழே போவது 'டிஸென்ட்', மேலே வருவது 'அஸென்ட்'. இந்த இரண்டும் டைவர்களின் அன்றாடச் சொற்கள்.

என் மாணவி ஒருவர் தன் முதல் டைவ் பற்றி எழுதினார்: 'ஐ ட்ரவுண்ட் அட் டென் மீட்டர்ஸ் அண்ட் இட் வாஸ் ப்யூட்டிஃபுல்.' பத்து மீட்டரில் இறந்துபோனேன், அழகாக இருந்தது என்று அர்த்தம். வகுப்பு சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அதற்கப்புறம் யாரும் அந்தச் சொல்லைத் தப்பாக எழுதவில்லை.

இன்னொரு மாணவர் தூத்துக்குடிப் பக்கம். அவர் தாத்தா சங்கு குளித்தவர். 'குளி' என்ற சொல்லுக்கு அந்தக் கடற்கரையில் மூழ்கி எடுப்பது என்ற பொருளும் உண்டு, முத்துக்குளித்தல் என்கிறோமே. அவர் அதை 'மை கிராண்ட்ஃபாதர் டுக் பாத்' என்று மொழிபெயர்த்துவிட்டார். 'ஹி டைவ்ட் ஃபார் ஷெல்ஸ்' என்று திருத்தினேன். இந்த 'ஃபார்' முக்கியம், எதை எடுப்பதற்காக மூழ்கினார் என்பதை அந்த ஒரு சிறிய சொல் சொல்லிவிடுகிறது. முத்துக்கு என்றால் 'டைவ்ட் ஃபார் பேர்ல்ஸ்'.

'ப்ரெத்', 'ப்ரீத்' எப்போதும் குழம்புகிறது.

டைவிங்கின் முதல் விதி இந்த இரண்டு சொல்லையும் தீர்த்துவைக்கும். 'நெவர் ஹோல்ட் யுவர் ப்ரெத்.' மூச்சை ஒருபோதும் அடக்காதே. 'கீப் ப்ரீதிங்.' தொடர்ந்து சுவாசித்துக்கொண்டே இரு. ப்ரெத் பெயர்ச்சொல், ப்ரீத் வினைச்சொல். கடைசி ஒலியும் மாறும்: முன்னதில் 'மத்து' என்பதில் வரும் 'த்து' போல வல்லோசை, பின்னதில் 'அது' என்பதில் வரும் 'து' போல மெல்ல அதிர வேண்டும்.

விதி ஏன் இவ்வளவு கண்டிப்பு? அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் அளப்பார்கள், கடல்மட்டத்தில் அது 1 பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு பார் கூடும். 10 மீட்டரில் நுரையீரல் நிறைய மூச்சு இழுத்து, அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அழுத்தம் பாதியாகும்போது அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடலாம். வாயிலிருந்து ரெகுலேட்டர் விலகும் சில நொடிகளில்கூட மெல்லக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கச் சொல்வார்கள்.

ஒரு கொசுறு: ப்ரீத் – ப்ரெத் போலத்தான் டீப் – டெப்த்தும். நெடில் குறிலாகிப் பெயர்ச்சொல் ஆகிறது.

படகில் பேசும் பிரீஃபிங்கில் என்ன இலக்கணம் இருக்கிறது?

பெரும்பாலும் எதிர்காலமும் கட்டளையும். 'வீ வில் டிஸென்ட் டு ட்வெல்வ் மீட்டர்ஸ். ஸ்டே க்ளோஸ் டு யுவர் படி. வீ ஆர் கோயிங் டு டர்ன் அட் ஹண்ட்ரட் பார்.' 12 மீட்டருக்கு இறங்குவோம், கூட்டாளியின் பக்கத்திலேயே இரு, சிலிண்டரின் அழுத்தம் 100 பாருக்கு வந்ததும் திரும்பப்போகிறோம். இறங்குவோம் – திரும்பப்போகிறோம் என்ற நம் இரண்டு வடிவங்களும் 'வில்' – 'கோயிங் டு' இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும். இதில் சிக்கல் இல்லை.

சிக்கல் வேறிடத்தில். தமிழில் எதிர்கால விகுதிக்கு இன்னொரு வேலையும் உண்டு, வழக்கமாக நடப்பதையும் அதுவே சொல்லும். 'எங்கள் மாஸ்டர் தினமும் 6 மணிக்குக் கடலுக்குப் போவார்.' இதை அப்படியே மாற்றி 'ஹி வில் கோ டு தி சீ டெய்லி' என்கிறோம். ஆங்கிலக் காதுக்கு இது இனிமேல் போகப்போகிறார் என்று கேட்கும். 'ஹி கோஸ்' என்பதே சரி.

இயற்கை உண்மைகளிலும் இதே கதை. 'ஆழத்தில் சிவப்பு முதலில் மறையும்', 'தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும்', 'ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும்'. தமிழில் எல்லாமே '-உம்'. மாணவர்கள் உடனே 'ரெட் வில் டிஸப்பியர்' என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் எப்போதும் உண்மையாக இருப்பதற்கு சிம்பிள் ப்ரெசன்ட்: 'ரெட் டிஸப்பியர்ஸ் ஃபர்ஸ்ட். திங்ஸ் லுக் பிக்கர். சவுண்ட் ட்ராவல்ஸ் ஃபாஸ்டர்.' நான் பார்த்தவரை நம்மவர்களின் ஆங்கிலத்தில் அதிகம் தென்படும் பிழை இதுதான், யாரும் பெரிதாகத் திருத்துவதும் இல்லை.

ப்ரெசன்ட் பர்ஃபெக்ட் எனக்கு மட்டும் ஏன் புரியவே மாட்டேன் என்கிறது?

உங்களுக்கு மட்டும் அல்ல. ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு அது ஏற்கெனவே பாதி தெரியும். மருத்துவப் படிவம் கேட்கிறது: 'ஹாவ் யூ எவர் ஹாட் ஆஸ்துமா?' உங்களுக்கு எப்போதாவது ஆஸ்துமா வந்திருக்கிறதா? 'வந்திருக்கிறதா' என்பதிலுள்ள 'இருக்கிறது'தான் 'ஹாவ்'. எந்த வருடம், எத்தனை மணி என்பது கேள்வியே இல்லை. உங்கள் உடம்பு இன்றைக்கு எதைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறது என்பதுதான் கேள்வி. 'ஐ ஹாவ் டைவ்ட் இன் புதுச்சேரி' – புதுச்சேரியில் டைவ் செய்திருக்கிறேன். கச்சிதம்.

இனி இரண்டு பொறிகள். முதலாவது: 'இரண்டு வருடத்துக்கு முன் அந்தமானில் டைவ் செய்திருக்கிறேன்' என்பது தமிழில் இயல்பு. ஆங்கிலத்தில் 'டூ இயர்ஸ் அகோ' என்று நேரத்தைக் குறித்துவிட்டால் 'ஹாவ்' வரக்கூடாது. 'ஐ டைவ்ட் தேர் டூ இயர்ஸ் அகோ.' நேரம் சொன்னால் லாக் புக், நேரம் சொல்லாவிட்டால் படிவம். இப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: 'மூன்று வருடமாக டைவ் செய்கிறேன்.' தமிழ் வெறும் நிகழ்காலத்தில் விட்டுவிடுகிறது. அதனால்தான் 'ஐ ஆம் டைவிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று வாயில் வந்துவிடுகிறது. சரியானது 'ஐ ஹாவ் பீன் டைவிங் ஃபார் த்ரீ இயர்ஸ்'. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. ஃபார் த்ரீ இயர்ஸ், சின்ஸ் 2022.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். அந்தப் படிவத்தை ஆங்கிலப் பயிற்சித்தாள் மாதிரி விளையாட்டாக நிரப்பாதீர்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவைச் சிகிச்சை எது இருந்தாலும் உண்மையை எழுதி, டைவிங் தெரிந்த மருத்துவரிடம் காட்டிவிட்டு இறங்குங்கள்.

லாக் புக்கில் என்ன எழுத வேண்டும்? அதில் எத்தனை டென்ஸ் வரும்?

தேதி, இடம், ஆழம், எத்தனை நிமிடம், எத்தனை பாரோடு இறங்கி எத்தனை பாரோடு வந்தோம், என்ன பார்த்தோம். பெரும்பாலும் சிம்பிள் பாஸ்ட்: 'வீ டிஸென்டட் அட் நைன் டென். வீ சா எ டர்டில்.' பல பேர் எண்களை மட்டும் எழுதிவிட்டு மூடிவிடுவார்கள். இரண்டு வரி கூடுதலாக எழுதினால் மற்ற இறந்தகாலங்களும் வந்து சேரும்.

'மை மாஸ்க் வாஸ் லீக்கிங்' – மாஸ்க் கசிந்துகொண்டிருந்தது. 'வைல் ஐ வாஸ் கிளியரிங் மை மாஸ்க், த டர்டில் லெஃப்ட்' – மாஸ்க்கிலிருந்து தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தபோது ஆமை போய்விட்டது. நீண்டுகொண்டிருந்த செயலுக்கு 'வாஸ்–இங்', நடுவில் வெட்டிய செயலுக்கு சிம்பிள் பாஸ்ட்.

பாஸ்ட் பர்ஃபெக்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது: 'வென் வீ சர்ஃபேஸ்ட், த போட் ஹாட் மூவ்ட்.' நாங்கள் மேலே வந்தபோது படகு நகர்ந்திருந்தது. 'நகர்ந்தது' என்றால் நம் கண் முன்னே நகர்ந்தது. 'நகர்ந்திருந்தது' என்றால் நாம் வருவதற்கு முன்பே. ஆங்கிலத்திலும் அப்படியே, 'த போட் மூவ்ட்' என்றால் நாங்கள் தலைதூக்கியதும் படகு கிளம்பியது என்றாகிவிடும். நடுக்கடலில் அலை மேல் மிதந்துகொண்டு படகைத் தேடிப் பார்த்தவருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் வந்த 'சர்ஃபேஸ்ட்' என்பதையும் பாருங்கள். சர்ஃபேஸ் என்றால் நீர்ப்பரப்பு, பெயர்ச்சொல். அதையே வினையாக்கி மேலே வந்தோம் என்கிறார்கள். நமக்கு 'செய்', 'பண்ணு' என்று ஒரு துணை வேண்டும், அவர்களுக்கு வேண்டாம். 'லாக்', 'ஃபின்', 'படி அப்' எல்லாம் இந்த ரகம்.

ஒழுங்கில்லாத வினைகளை மனப்பாடம் செய்ய ஏதாவது வழி?

மனப்பாடமே வழி, ஆனால் பட்டியலைச் சிறிதாக்கிக்கொள்ளலாம். ஒரு டைவை விவரிக்கப் பத்துப் பதினைந்து வினைகள் போதும். சிங்க் – சாங்க் – சங்க். ஸ்விம் – ஸ்வாம் – ஸ்வம். இரண்டும் ஒரே ராகம், பிகின் – பிகான் – பிகன் அதே குடும்பம். ரைஸ் – ரோஸ் – ரிசன். ப்ளோ – ப்ளூ – ப்ளோன். ஹோல்ட் – ஹெல்ட். ஃபீல் – ஃபெல்ட். கீப் – கெப்ட். லூஸ் – லாஸ்ட். சீ – சா – சீன்.

ரைஸும் ரெய்ஸும் கவனம். குமிழி தானாக எழுவது 'ரைஸ்', நீங்கள் கையை உயர்த்துவது 'ரெய்ஸ்'. எழு – எழுப்பு, உயர் – உயர்த்து என்று தமிழில் தன்வினை பிறவினை இருக்கிறதே, அதேதான். சிங்க் மட்டும் சோம்பேறி, கப்பல் மூழ்கினாலும் கப்பலை மூழ்கடித்தாலும் ஒரே சொல்.

கைச்சைகைகளுக்கும் இலக்கணம் உண்டா?

காலம் கிடையாது. தண்ணீருக்குள் எல்லாமே 'இப்போது'. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் காட்டினால் 'ஓகே'. அதுவே கேள்வி, அதுவே பதில். முஷ்டியை மார்பில் வைத்தால் 'ஐ ஆம் லோ ஆன் ஏர்', காற்று குறைந்துவிட்டது. உள்ளங்கையைத் தட்டையாகக் கழுத்துக்குக் குறுக்கே அறுப்பதுபோல அசைத்தால் 'ஐ ஆம் அவுட் ஆஃப் ஏர்', தீர்ந்தேவிட்டது. 'லோ ஆன்', 'அவுட் ஆஃப்' என்ற முன்னிடைச்சொற்களை இந்தச் சைகைகளோடு சேர்த்துப் படியுங்கள். பெட்ரோலுக்கும் பணத்துக்கும் இதே சொற்கள்தான்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது 'சூப்பர்' என்று நமக்கு. டைவிங்கில் அது 'மேலே போகிறோம்'. என் மூன்றாவது டைவில் ஒரு ஆமையைப் பார்த்த சந்தோஷத்தில் பயிற்றுநரிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் தலையாட்டி, என் தோளைப் பிடித்து, நிதானமாக மேலே கூட்டிவந்துவிட்டார். 14 நிமிட டைவ். நோட்டில் அப்படியே இருக்கிறது.

'இஃப்' வாக்கியங்கள்?

டைவிங் பாடப்புத்தகமே 'இஃப்' மூட்டைதான். எப்போதும் உண்மையானது: 'இஃப் யூ கோ டீப்பர், யூ யூஸ் மோர் ஏர்.' 20 மீட்டரில் அழுத்தம் 3 பார், ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைவிட மூன்று மடங்கு காற்றைத் தின்னும். இங்கே இரண்டு பக்கமும் சிம்பிள் ப்ரெசன்ட். இனி நடக்கக்கூடியது: 'இஃப் த கரன்ட் இஸ் ஸ்ட்ராங், வீ வில் கேன்சல்.' நீரோட்டம் பலமாக இருந்தால் ரத்து செய்துவிடுவோம். 'இஃப்' பக்கத்தில் 'வில்' வராது, இதை நூறு முறை சொல்வேன்.

நடக்காமல் போனதற்கு வருந்துவது: 'இஃப் ஐ ஹாட் செக்ட் மை கேஜ், ஐ வுட் ஹாவ் டர்ன்ட் எர்லியர்.' கேஜைப் பார்த்திருந்தால் முன்னாலேயே திரும்பியிருப்பேன். பார்த்திருந்தால் – திரும்பியிருப்பேன். இரண்டு 'இரு'வும் அங்கே 'ஹாட்', 'ஹாவ்' ஆக நிற்கின்றன. தமிழில் சொல்லத் தெரிந்தவருக்கு இது கடினமே இல்லை, பள்ளிக்கூடம் 'தேர்ட் கண்டிஷனல்' என்று பெயர் வைத்துப் பயமுறுத்திவிட்டது.

'மஸ்ட்', 'ஷுட்'?

'யூ மஸ்ட் கீப் ப்ரீதிங்' – இதில் பேரம் இல்லை. 'யூ ஷுட் வெயிட் அட் லீஸ்ட் எய்ட்டீன் அவர்ஸ் பிஃபோர் ஃப்ளையிங்' – பல டைவ் செய்தவர் விமானம் ஏறுவதற்கு முன் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது பரிந்துரை. 'ஷுட்' என்பதால் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் இலக்கணம் பார்க்காது.

அது குமிழியாகி வரும் நோய்க்கு 'த பென்ட்ஸ்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஆற்றுப் பாலங்களுக்கு அடித்தளம் தோண்ட, அழுத்தக் காற்று அடைத்த அறைகளில் ஆட்கள் வேலை செய்தார்கள். வெளியே வந்ததும் மூட்டு வலியில் வளைந்து நடந்தார்கள். அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் 'கிரீஷன் பென்ட்' என்ற குனிந்த நடை பாணியோடு ஒப்பிட்டுக் கேலி செய்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். இதைத் தவிர்க்கத்தான் மேலே வரும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கிறோம். 'சேஃப்டி ஸ்டாப்'.

18 'மீட்டர்' என்பதா, 'மீட்டர்ஸ்' என்பதா?

'வீ வென்ட் டு எய்ட்டீன் மீட்டர்ஸ்', ஆனால் 'அன் எய்ட்டீன்-மீட்டர் டைவ்'. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் 'ஸ்' உதிர்ந்துவிடும். ஆழத்தில் நிற்பதற்கு 'அட்', போவதற்கு 'டு'. 'டிஸென்ட் டவுன்' என்று சொல்லாதீர்கள், 'ரிட்டர்ன் பேக்' மாதிரி இரட்டிப்பு.

மீன் பெயர்கள் ஆங்கிலத்தில் தெரியவே மாட்டேன் என்கிறது.

மீன் மார்க்கெட்டுக்குப் போகிறவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. களவா – க்ரூப்பர். திருக்கை – ரே. பாரை – ட்ரெவாலி. அஞ்சாளை – மோரே ஈல். கடல் அட்டை – சீ குகும்பர், அதாவது அவர்கள் கண்ணுக்கு அது வெள்ளரிக்காய். கணவாய்க்கு மட்டும் ஆங்கிலத்தில் ஒரே சொல் போதாது: ஊசிக்கணவாய் 'ஸ்க்விட்', ஓட்டுக்கணவாய் 'கட்டில்ஃபிஷ்', பேய்க்கணவாய் 'ஆக்டோபஸ்'. பார்த்தீர்களா, ஆக்டோபஸ் திரும்பவும் வந்துவிட்டது. ரெகுலேட்டரா, பிராணியா என்பதைப் பக்கத்துச் சொற்கள்தான் சொல்ல வேண்டும்.

நாம் அவர்களிடம் கொடுத்த சொல்லும் ஒன்று உண்டு. டைவ் படகுகளில் சில 'கட்டமரான்' வகை. அது நம் கட்டுமரம். உருவம் ரொம்பவே மாறிவிட்டது, இரட்டை உடல் படகுக்கு அந்தப் பெயர் போய்விட்டது.

எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். கரையில் இருந்தே படிக்கலாமா?

படிக்கலாம், என் வகுப்பில் கடலில் இறங்கியவர்கள் நான்கைந்து பேர்தான். மற்றவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி இது. நாளைக்குப் போகும் ஏதாவது ஒரு பயணத்துக்கு, மாமா வீட்டுக்குப் பேருந்தில் போவதாகக்கூட இருக்கட்டும், கிளம்புவதற்கு முன் வாய்விட்டு ஒரு பிரீஃபிங் கொடுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவோம், எங்கே மாறுவோம், கூட்டம் அதிகமாக இருந்தால் என்ன செய்வோம். திரும்பி வந்து ஐந்து வரி லாக் எழுதுங்கள். பிரீஃபிங்கில் சொன்னது எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதையும் சேர்த்து. ஒருவர் இதை 60 நாள் விடாமல் செய்தார். அவர் நோட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒரே ஆள் எழுதியது என்று நம்ப முடியாது.

டைவ் என்பதன் இறந்தகாலம் 'டைவ்ட்'டா, 'டோவ்'வா?

இரண்டும் சரி. பிரிட்டிஷ் வழக்கில் 'டைவ்ட்', அமெரிக்கர்கள் 'டோவ்' என்றும் சொல்வார்கள். ஆனால் 'ஹாவ்' போட்டால் அங்கேயும் இங்கேயும் 'டைவ்ட்' மட்டுமே, 'ஐ ஹாவ் டோவ்' என்று எழுதாதீர்கள். நான் நோட்டில் 'டைவ்ட்' என்றே எழுதுகிறேன். படகில் ஒரு அமெரிக்கத் தாத்தா 'வீ டோவ் த சேம் ரீஃப் இன் நைன்ட்டி எய்ட்' என்று ஆரம்பித்தால், திருத்தாமல் கதையைக் கேட்பேன்.